கோட்டைக் கதவைத் திறந்தவன்

ஏப்ரல் 6, ஞாயிறு

அன்வர்தீன் சார் எனக்கும் அற்புதம் சிஸ்டருக்கும் ஆளுக்கொரு எண்பது பக்க நோட்டு கொடுத்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவர். கல்லூரி நாளில் நாடகம் போட்டவராம். மே 12 செவிலியர் தினத்துக்கு இந்த வருஷம் டான்ஸ் எல்லாம் வேண்டாம், முழு நாடகம் போடலாம் என்று அவர்தான் நிர்வாகத்தில் பேசி அனுமதி வாங்கினார். நடிக்கிறவர்கள் எல்லோருமே நர்சுகள். ராஜா, தளபதி, காவல்காரன் எல்லாமே பெண்கள்தான்.

நாடகத்தின் பெயர் 'கொற்றவாசல்'. அறுபது வருஷத்துக்கு முன் அவர் ஊர்த் தமிழ் வாத்தியார் ஒருவர் எழுதியதாம். கதை இதுதான். ஒரு சின்ன ராஜாவை விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். மகன் இளமாறன் ஆத்திரத்தில் சமையற்கட்டுக் காவலாளி வேலனை அன்றைக்கே தூக்கில் போட்டுவிடுகிறான். வேலன் நிரபராதி. விஷம் வைத்தது அமைச்சன். அது தெரிந்த பிறகும் இளமாறன் அமைச்சனைத் தொடாமல் நாளைக் கடத்துகிறான். வேலனுடைய அண்ணன் வீரியன், கோட்டை வாசல் காவலன். தம்பியைக் கொன்ற இளமாறனைப் பழிவாங்குவேன் என்று உடனே கிளம்பிவிடுகிறான். கடைசியில் இருவரும் வாள்சண்டை போட்டு இருவருமே சாகிறார்கள்.

இளமாறனாக அற்புதம் சிஸ்டர். வீரியனாக நான்.

"ரெண்டு பேருமே பழிவாங்கத் துடிக்கிறவங்கதான். ஒருத்தன் தள்ளிப்போடறான், ஒருத்தன் பாயறான். ஏன்னு யோசிச்சு எழுதுங்க. தினமும் என்ன தோணுதோ எழுதுங்க. நான் வாங்கிப் படிக்க மாட்டேன்" என்றார் சார்.

படிக்க மாட்டார் என்பதால் எழுதுகிறேன். பெயர் தில்லைநாயகி, வயது முப்பத்தொன்பது, ஸ்டாஃப் நர்ஸ், ஆண்கள் மெடிக்கல் வார்டு. கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை டியூட்டி. பதினாறாம் படுக்கைக்காரர் மூக்குக் குழாயை மூன்று தடவை பிடுங்கிவிட்டார்.

இளமாறன் கோழை. வேறென்ன எழுத? தவறு செய்தது யார் என்று தெரிந்த பிறகும் நந்தவனத்தில் உலாத்திக்கொண்டு நாலு பக்க வசனம் பேசுகிறான். வீரியன் அப்படியில்லை. தம்பி செத்தான் என்று கேட்ட அடுத்த நிமிஷமே வாளை எடுக்கிறான். எனக்கு வீரியனைத்தான் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

சிலிண்டர் வந்தது. ஒத்திகை இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வார்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை. ஃபேன் ஓடவில்லை. அட்டை வாள்கள் இரண்டும் முதல் காட்சியிலேயே வளைந்துவிட்டன. சார் சிரித்துவிட்டு, பட்டறையில் சொல்லி அலுமினியத்தில் அடித்து வாங்குவதாகச் சொன்னார்.

இளமாறன் ஏன் தள்ளிப்போடுகிறான் என்று எல்லோரையும் கேட்டார். பயம் என்றேன் நான். அற்புதம் சிஸ்டர் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "அவன் ஒருதடவ அவசரப்பட்டுட்டான். வேலனத் தூக்குல போட்டது அவசரத்துலதானே? அதுக்கப்பறம் அவன் கை எதுக்குமே வராது. பயம் இல்ல அது" என்றார்.

சார் அதைக் கேட்டுக் குதிக்காத குறை. எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. யார் பேசுகிறது இதை!

சரி, எழுதிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் என் தங்கை குமுதாவும் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சாயங்கால ஷிப்ட். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் நாலு யூனிட் போடச் சொல்லி டாக்டர் போனில் சொன்னார். கேட்டு சார்ட்டில் எழுதியது வார்டு இன்சார்ஜாக இருந்த அற்புதம் சிஸ்டர். யூனிட் என்பதை முழுசாக எழுத வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். அவர் அவசரத்தில் நாலு போட்டுப் பக்கத்தில் ஆங்கில யு எழுத்தை மட்டும் போட்டார். மேலே மூடிக்கொண்டு அது சைபர் மாதிரி விழுந்துவிட்டது. குமுதா நாற்பது என்று படித்தாள். நாற்பது போட்டாள். அந்த ஆளுக்கு வலிப்பு வந்து, ஐசியு போய், மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

விசாரணைக்குப் போன சார்ட் வேறு. மறுபடி எழுதிய தாள். அதில் 'நாலு யூனிட்' என்று அச்சடித்ததுபோல இருந்தது. எல்லாம் முறைப்படி, கையெழுத்து உட்பட. குமுதா சரியாகப் படிக்கவில்லை என்று முடிவு செய்து வேலையை விட்டு எடுத்தார்கள். அனுபவச் சான்றிதழும் இல்லை.

கிழித்துப் போட்ட பழைய தாள் குப்பைக்கூடையில் கிடந்தது. இரண்டே துண்டு. எடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடியும் வடையும் எடுத்துக்கொண்டு மணப்பாறை போய்க் குமுதாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் வீட்டுக்காரருடைய மாமா மெடிக்கல் ஷாப்பில் கவுண்ட்டரில் நிற்கிறாள். இன்றைக்கும் அரை நாள் கடை உண்டாம். ஒருவருக்குப் பத்து மாத்திரை எண்ணிக் கவரில் போட்டாள். மறுபடி கொட்டி எண்ணினாள். மூன்றாவது தடவையும்.

"ஏன்டி இத்தன தடவ?"

"பழக்கம்க்கா."

நாடகம் பற்றிச் சொன்னேன். அற்புதம் சிஸ்டர் நடிப்பதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. ஒத்திகை இல்லை. பாதிப் பேர் கோயிலுக்குப் போய்விட்டதால் எனக்கு இரண்டு ஷிப்ட்.

ஏப்ரல் 19, சனி

நர்சிங் சூப்பரின்டெண்ட் பதவிக்கு மே 5 நேர்காணல் என்று போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று பெயர். முதல் பெயர் அற்புதமேரி.

வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஒட்டிய டேப் மஞ்சளாகிவிட்டது. எழுத்து அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னுமா இத வச்சிருக்க? குடுக்கறதுன்னா குடு, இல்லன்னா கிழிச்சிப் போடு" என்றார். அவர் பஸ் டிப்போ மெக்கானிக். எதையும் கழற்று அல்லது மாட்டு என்பவர்.

"நேரம் வரட்டும்னு வச்சிருக்கேன்."

"ஆறு வருஷமாவா?"

நேர்காணல் அன்று காலையில் நிர்வாக இயக்குநர் மேஜையில் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கும்.

வீரியனைப் பற்றி: அவன் பாய்கிறான், ஆனால் அவனுக்கு வாள் கொடுத்து அனுப்புகிறவன் அமைச்சன். உண்மையான கொலைகாரன். கையில் வாள் வந்தால் போதும் என்று வாங்கிக்கொள்கிறான், யார் கொடுத்தது என்று கேட்பதில்லை. இது வீரம்தானா என்று இன்று சந்தேகம் வந்தது. இளமாறன் நாற்பது தடவை யோசிக்கிறான், வீரியன் ஒரு தடவைகூட இல்லை. இரண்டுமே யோசிக்கத் தெரியாததுதான் போலிருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒத்திகை பாதியில் நின்றது. என்னால்தான்.

இரண்டாம் காட்சி. வேலனைக் கொன்ற செய்தி கேட்டு வீரியன் கதறுகிற இடம். "என் தம்பியைக் கொண்டுபோனபோது இந்தக் கோட்டையில் ஓர் ஆண்மகன் இல்லையா!" என்று கத்த வேண்டும். நாலு தடவை சொன்னேன். சார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "சத்தம் வருது சிஸ்டர், ஆள் வரல. அன்னிக்கி வீரியன் எங்க இருந்தான்? அத நினைச்சுக்கிட்டு சொல்லுங்க."

வெளியூர் போயிருந்திருப்பான் என்றேன். அப்படி நாடகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். புரட்டிப் பார்த்தோம். ஒன்றும் எழுதவில்லை.

அற்புதம் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னார். "தூக்குமரம் கோட்டைக்கு வெளியன்னு இருக்கு. வேலன வாசல் வழியாத்தான் கொண்டுபோயிருக்கணும். வாசல் காவலன் வீரியன். அப்ப கதவத் தொறந்து விட்டது யாரு?"

சார், "அடேயப்பா! வாத்தியார் இத யோசிச்சாரோ என்னமோ" என்று மெல்லச் சொன்னார்.

எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையிலேயே தலைவலி. மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

கதவைத் திறந்தது வேறு காவலனாக இருக்கலாம். கோட்டைக்கு ஒரே காவலனா இருப்பான்?

ஏப்ரல் 24, வியாழன்

மோட்டார் ரிப்பேர். குடத்தில் தண்ணீர் தூக்கினேன்.

ஏப்ரல் 26, சனி

அலுமினிய வாள் வந்தது. நல்ல கனம். கடைசிச் சண்டைக் காட்சி பழகினோம். நான் மேலிருந்து வீச வேண்டும், அவர் எண்ணி மூன்றுக்கு விலக வேண்டும். நான் இரண்டில் வீசிவிட்டேன். கை வழுக்கிவிட்டது. அவருடைய இடது மணிக்கட்டில் பட்டது.

அடி விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் கத்தவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சார் ஓடிவந்து பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார். நானே கூட்டிக்கொண்டு போனேன். வேறு யார் போவது?

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். நான் ஸாரி சிஸ்டர் என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தாள் உங்கிட்டதான இருக்கு?"

நான் எக்ஸ்ரே சீட்டை இரண்டாக மடித்தேன்.

"அன்னிக்கி திரும்பி வந்து குப்பைக்கூடையப் பாத்தேன். இல்ல. ஆயா அதுவரைக்கும் வரல. நீதான் இருந்த." வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டார். "ஆறு வருஷமா தினம் காலைல ஆஸ்பத்திரிக்குள்ள நுழையறப்ப நினைப்பேன், இன்னிக்கிக் குடுத்திருப்பாளோன்னு. வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனத்துல சொல்றேன். சாமியார் மன்னிச்சிடுறாரு. அவருக்கென்ன, அவர் தங்கச்சிக்கா வேல போச்சு?"

"அப்பறம் ஏன் நீங்களே சொல்லல?"

"பயம்தான். அன்னிக்கி ஞாயித்துக்கெழம ஒத்திகைல நீ சொன்னது சரி. நான்தான் பெருசா எதோ பேசினேன்." பிறகு, "நீ ஏன் குடுக்கல தில்லை?" என்று கேட்டார்.

அவருக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். மூன்று வாரம் கட்டு. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, வழுக்கி விழுந்தேன் என்று சொன்னார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கை வழுக்கவில்லை. இரண்டில்தான் வீசினேன். தெரிந்தே வீசினேன்.

சார் படிக்க மாட்டார். யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

இன்சுலின் சார்ட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். பழைய தாளில் இரண்டாவது இடம் காலி, அன்றைக்கு அதே ஷிப்டில் நானும் இருந்தேன். புதுத் தாளை எழுதி முடித்துவிட்டு அற்புதம் சிஸ்டர் பேனாவை என் பக்கம் நீட்டினார். "டாக்டர் நாலுன்னுதான் சொன்னாரு. நான் நாலுன்னுதான் எழுதினேன். நீயே பாரு, நாலுதானே?" என்றார். குமுதா அப்போது ஐசியு வாசலில் அழுதுகொண்டிருந்தாள். நான் அந்த வருஷம் இன்னும் தற்காலிகம். நிரந்தரம் ஆக வேண்டிய பட்டியல் மேலிடத்தில் இருந்தது. அடுத்த மாதம் ஆர்டர் வந்தது.

கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

இதுதான் நான் அந்தத் தாளைக் கொடுக்காததற்குக் காரணம். அதைக் கொடுத்தால் மற்றதையும் எடுப்பார்கள். மற்றதில் என் பெயர் இருக்கிறது. நேரம் வரட்டும் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன்.

வீரியன் ஏன் அவ்வளவு வேகமாகப் பாய்கிறான் என்று இப்போது தெரிகிறது. இளமாறனுக்குத் தான் செய்த தப்பு தெரியும். அதனால்தான் கை வரவில்லை. வீரியனுக்கும் தன் தப்பு தெரியும். ஆனால் நின்று யோசித்தால் அதைப் பார்க்க வேண்டி வரும். ஓடிக்கொண்டே இருந்தால் பார்க்க வேண்டாம். ஒருவன் நின்றுகொண்டு பயப்படுகிறான், மற்றவன் ஓடிக்கொண்டு பயப்படுகிறான். இதில் யார் பெரியவன் என்று எழுத எனக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும், இளமாறனாவது தான் தூக்கில் போட்டதை மேடையில் நின்று சொல்கிறான். வீரியன் கடைசிவரை கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மே 1, வியாழன்

விடுமுறை. மணப்பாறை போனேன். பஸ்ஸில் நல்ல கூட்டம், நின்றுகொண்டே போனேன்.

குமுதா கடைக்குப் பின்னறையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முதலில் தாளைக் கொடுத்தேன். பிறகு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்தையும். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை.

அவள் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"நாப்பது" என்றாள். "நாப்பதுன்னுதான்க்கா இருக்கு."

"ஆமாடி."

"விசாரணைல புதுசக் காட்டி, இதுல என்னம்மா போட்டிருக்குன்னு கேட்டாங்க. நாலுன்னு இருந்திச்சு. என் கண்ணால பாத்தேன், நாலு. அப்ப மொதல்ல நாப்பதுன்னு பாத்தது எந்தக் கண்ணு? மூணு கண் டாக்டரப் பாத்தேன்க்கா. பவர் இல்ல, நல்லா இருக்குன்னாங்க. அப்ப மூளைலதான் கோளாறுன்னு நினைச்சேன். பிள்ள பொறந்தப்ப அதுக்குச் சொட்டுமருந்து குடுக்கக்கூட பயம். அவரத்தான் குடுக்கச் சொல்வேன். நாலு சொட்டு எண்ணத் தெரியாதவளாம்னு அவங்கம்மா சிரிப்பாங்க."

அவள் என்னைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. தாளைப் பார்த்துச் சொன்னாள்.

நான் அவள் கையைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவ வந்தப்பவும் தெரியும். நான் மாத்திரைய மூணு தடவ எண்ணுறதப் பாத்துக்கிட்டு, ஏன்டி எண்ணுறேன்னு கேட்ட."

"குமுதா…"

"வேல போனதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்கும் குடும்பம் இருக்கு. இது இருக்குன்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல? காதுல சொல்லியிருக்கலாம்ல? நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனேக்கா."

அவள் மாமா கடையிலிருந்து கூப்பிட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். நான் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரவில்லை. பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

குமுதா போனை எடுக்கவில்லை. தாளை என்ன செய்யப் போகிறாள் என்று தெரியாது. அது அவளுடையது.

என்னுடையதை நான் எழுதினேன். நிர்வாக இயக்குநருக்கு, ஒன்றரைப் பக்கம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் 'நிர்ப்பந்தத்தின் பேரில்' என்ற சொல் இருந்தது. எடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "வேல போயிடும்" என்றார். பிறகு, "போனா போகட்டும், என் சம்பளத்துல சமாளிச்சுக்கலாம். உங்கையெழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவா போடு" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

மே 5, திங்கள்

ஒன்பது மணிக்குக் கடிதத்தைக் கொடுத்தேன். பத்தரைக்கு நேர்காணல். வராண்டாவில் கட்டுப் போட்ட கையோடு அற்புதம் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார், வெளுத்த யூனிபாரத்தில். பக்கத்தில் போய், "குடுத்துட்டேன். தாள் இல்ல, அது குமுதாகிட்ட இருக்கு. நான் கையெழுத்துப் போட்டத எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன்.

முறைப்பார் என்று நினைத்தேன். "உள்ள போறதுக்கு முன்னாடி சொன்னியே, நல்லது" என்றார். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனார். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். நேர்காணலுக்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

மூன்று மணிக்கு இருவருக்கும் சஸ்பென்ஷன் ஆர்டர். ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் கத்தரிக்காய் வாங்கினேன்.

மே 12, திங்கள்

நாடகம் நடந்ததாம். இரண்டு ஜூனியர் பெண்கள் வசனத்தைக் கையில் வைத்துப் படித்தபடி நடித்தார்களாம். எங்களை உள்ளே விடவில்லை. அன்வர்தீன் சார் போன் செய்தார். "நீங்க ரெண்டு பேரும் இல்லாம நாடகம் சப்புனு போச்சு" என்றார். பிறகு, "நோட்டு எழுதினீங்களா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

மே 20, செவ்வாய்

ஊறுகாய் போட்டேன். வீட்டில் இருந்தால் நாள் நீளமாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

விசாரணை. மூன்று பேர் கொண்ட குழு. இரண்டு பேர் வெளியிலிருந்து வந்த டாக்டர்கள். குமுதாவுக்கும் கடிதம் போயிருந்தது. வந்தாள். ஊதா நிறச் சேலை, முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். என்னைக் கடந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

குழுத் தலைவர் குமுதா கொடுத்த டேப் ஒட்டிய தாளை எடுத்து முதலில் தானே பார்த்தார். பக்கத்து டாக்டரிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், "என்ன டோஸ்?" என்று கேட்டார்.

"நாப்பது" என்றார் அவர்.

குமுதா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். அந்த டாக்டருக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனாலும் சொன்னார். "நாப்பதுன்னுதான்மா தெரியுது."

இருந்தாலும் சந்தேகம் வந்திருந்தால் கேட்டிருக்க வேண்டும் என்று அவளுக்கும் சொன்னார்கள். கேட்டிருக்கணும் சார், அது என் தப்புதான் என்றாள். அவள் மேல் இருந்த ஆர்டரை ரத்து செய்து சான்றிதழ் கொடுக்கப் பரிந்துரை செய்கிறார்களாம். எங்கள் இருவருக்கும் வேலை போகும். அதில் சந்தேகமில்லை.

வெளியே வந்து குமுதா நின்றாள். அற்புதம் சிஸ்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்கக் கிட்டே வந்தார். வாயைத் திறக்குமுன் குமுதா, "அவங்க வீட்டுக்கு யாராவது போனீங்களா?" என்று கேட்டாள்.

"யார் வீட்டுக்கு?"

"செத்துப்போனவர் வீட்டுக்கு."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். அவர் பெயரை ஓர் இடத்தில்கூட நான் எழுதவில்லை. 'அந்த ஆள்' என்று எழுதியிருக்கிறேன். அவர் பெயர் பெரியதம்பி. அறுபத்தேழு வயது. புள்ளம்பாடிப் பக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

மூவரும் போனோம். முகவரி குமுதாவிடம் இருந்தது. ஆறு வருஷமாகவே இருந்திருக்கிறது. ஒரு தடவை அந்தத் தெருமுனை வரை வந்து திரும்பிப் போயிருக்கிறாள்.

ஓட்டு வீடு, முன்னால் தகரக் கொட்டகை. பெரியதம்பியின் மகள் ராசாத்தி இருந்தார், நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் பயந்துவிட்டார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். குமுதாதான் பேசினாள். தாளில் எழுதியது, படித்தது, போட்டது, மாற்றியது, மறைத்தது என்று வரிசையாகச் சொன்னாள். தன் பங்கை முதலில் சொன்னாள்.

ராசாத்தி மோர்ச் செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "எங்கப்பாவுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

குமுதா சொன்னாள்: "முதல்ல வேர்த்திருக்கும், படபடன்னு வந்திருக்கும். அப்பறம் நினைவு இல்லைங்க. வலிப்பு வந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்காது. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"பொய் சொல்லலியே?"

"இல்லைங்க."

ராசாத்தி தலையை ஆட்டினார். "எந்தம்பி வர்ற நேரம். அவங்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்தவ நான். நீதான் கொன்னேன்னு அவன் சொல்லிட்டான். எழவு வீட்டுல எல்லார் முன்னாடியும் சொன்னான். அதுலேர்ந்து நல்லது கெட்டதுக்குத்தான் வருவான்."

இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. நான், அற்புதம் சிஸ்டர், குமுதா என்று மூன்று பேர்தான் இதில் இருக்கிறோம் என்று இருந்துவிட்டேன்.

தம்பி பெயர் சிங்காரவேலு. பைக்கை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார், பெரிய உருவம். மறுபடியும் முதலிலிருந்து சொன்னோம். இந்தத் தடவை நானும் என் பங்கைச் சொன்னேன், அற்புதம் சிஸ்டரும் சொன்னார். சிங்காரவேலு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

கேட்டு முடித்ததும் கொல்லைக்குப் போனார். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஈர முகத்தோடு வந்து எங்களைப் பார்க்காமல் அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஒன்ன என்னல்லாம் பேசிட்டேன்" என்றார்.

ராசாத்தி, "சரி விடுறா" என்றார். ஆனால் விடவில்லை. வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதார். தம்பியும் அழுதார். நாங்கள் எழுந்து கொட்டகைக்கு வந்து நின்றுகொண்டோம்.

கொஞ்சம் கழித்து சிங்காரவேலு வெளியே வந்தார். "நான் இத விட மாட்டேன். ஆஸ்பத்திரி மேல கேஸ் போடுவேன். உங்க மேலயும்தான்."

"போடுங்க" என்றாள் குமுதா.

"கோர்ட்டுல வந்து இத அப்படியே சொல்லுவீங்களா?"

அற்புதம் சிஸ்டர் முதலில் சொல்லுவேன் என்றார். கட்டுப் பிரித்த கை இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. அடுத்து நான் சொன்னேன். கடைசியாகக் குமுதா.

"சரி. இப்பப் போயிடுங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். அற்புதம் சிஸ்டர் லால்குடி பஸ் வந்ததும் ஏறிவிட்டார். நானும் குமுதாவும் மட்டும் இருந்தோம். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்களாம், அடுத்த மாதம் சேரவேண்டும். அதை மட்டும் சொன்னாள். அவள் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ராத்திரி போன் வந்தது. நாளை பத்து மணிக்கு வக்கீல் ஆபீஸ் போக வேண்டும். ஆஸ்பத்திரி வக்கீல் வரச் சொல்லி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அவரிடம் இல்லை. சிங்காரவேலுவுடைய வக்கீலிடம்.